வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டுமா?

கேள்வி: நானும் என் கணவரும் பணி ஓய்வு பெற்று, அல்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். தெருவில் அடிபட்டு மீட்கப்பட்ட மூன்று வயது நாட்டு நாய் ஒன்றைக் காப்பகத்தில் பார்த்ததிலிருந்து மனம் அதையே சுற்றி வருகிறது. உறவினர்களோ, வளர்ந்த நாய் ஒட்டாது, சாதி நாய்க்குட்டியாக வாங்குங்கள் என்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்திலும் முணுமுணுப்பு இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி ஒருவர், பெங்களூரு

பதில்: தயங்காமல் அழைத்து வாருங்கள். உங்கள் வயதுக்கும் வீட்டுக்கும் குட்டியைவிட மூன்று வயது நாயே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. குட்டியானால் இரவில் பல முறை எழுந்து வெளியே அழைத்துச் செல்ல வேண்டும்; பல் முளைக்கும் மாதங்களில் செருப்பிலிருந்து நாற்காலிக் கால்வரை எதையும் விட்டுவைக்காது. வளர்ந்த நாயின் உருவமும் சுபாவமும் கண்முன்னே இருக்கின்றன. மனிதர்களிடமும் மற்ற நாய்களிடமும் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை, நாள்தோறும் அதற்குச் சோறு வைப்பவரே சொல்லிவிடுவார்.

கட்டாயம் ஒட்டும், ஆனால் அவசரப்படுத்தினால் ஒட்டாது. பயம் தெளிய மூன்று நாள், வீட்டு ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று உணர மூன்று மாதம் என்று காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வதுண்டு. அடிபட்ட நாய்க்குக் கூடுதல் காலமும் ஆகலாம். தொடக்கத்தில் அது கட்டிலுக்கடியில் சுவரோரமாகப் பதுங்கியிருந்து, நீங்கள் அறையை விட்டு நகர்ந்த பிறகே தட்டில் வாய் வைக்கும். துடைப்பத்தைக் கண்டாலே நடுங்கவும் கூடும். அதை வெளியே இழுக்காமல், மேலே குனிந்து தலையைத் தடவவும் முயலாமல், சற்றுத் தள்ளி அமர்ந்து உங்கள் பாட்டுக்குச் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருங்கள். ஒரு நாள் அதுவாகவே வந்து உங்கள் முழங்காலில் மோவாயை வைக்கும். பிறகொரு மதியம் வயிறு தெரிய மல்லாந்து, கால்கள் மெல்லத் துடிக்க உறங்கும். சிறு சத்தத்துக்கும் ஓடத் தயாராக இருந்த உயிர் உங்களை நம்பி அப்படித் தூங்குவதைப் பார்க்கிற மகிழ்ச்சிக்கு ஈடாக வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

சாம்பார் சாதத்தைப் பிசைந்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சோற்றோடு உப்பும் காரமும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறி அல்லது முட்டை கொடுங்கள்.

சங்கத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரும்பான்மை ஒப்புதல் இருந்தாலும் வளர்ப்புப் பிராணிகளுக்குச் சங்கம் தடை விதிக்க முடியாது, மின்தூக்கியில் அழைத்துச் செல்வதையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. அதே நேரம், நடைக்குச் செல்லும்போது கழுத்துவாரைக் கையில் பிடித்திருப்பதும், அதன் கழிவை நீங்களே அள்ளுவதும் அண்டை வீட்டாரின் முணுமுணுப்பை எந்தச் சட்டத்தையும்விட விரைவாக அடக்கும்.

தத்துக் கொடுக்குமுன் காப்பகத்தார் உங்கள் வீட்டைப் பார்க்க வரலாம். அதைச் சந்தேகமாகக் கருதாமல் அந்த உயிரின் மீதுள்ள அக்கறையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தடை செய்யப்பட்டதா, வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்பதற்கான சான்றுகளைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, எதற்கெல்லாம் அது அஞ்சும், எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்பதையும் பராமரித்தவரிடம் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.