வளையல் ஏறவில்லை என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் முடிந்து எட்டு மாதம், ரிப்போர்ட் எல்லாம் நல்லபடியாக வந்துவிட்டது, ஆனால் இடது கை கனக்கிறது, வளையல் ஏறவில்லை, இதைப் போய் டாக்டரிடம் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகச் சொல்லுங்கள் சகோதரி, இந்த வாரமே. நானும் தள்ளிப்போட்டவள்தான், கடைசியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை (உடம்பின் திசுக்களிலிருந்து வடிந்து வரும் நீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகள்) எடுத்திருந்தாலோ அங்கே ரேடியேஷன் கொடுத்திருந்தாலோ நிணநீர் வடிய வழி குறைந்து கையிலேயே தேங்கி வீங்கும், லிம்ஃபெடிமா என்பார்கள், சிலருக்குச் சில வருடம் கழித்துக்கூட வரும். வேறு காரணமும் இருக்கலாம், அதனால் முதலில் டாக்டர் பார்க்கட்டும். லிம்ஃபெடிமாதான் என்றால் அதில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி நீங்களாகவே கேளுங்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. கைக்கு மாட்டும் இறுக்க உறையை அவர்கள் அளவெடுத்துச் சொன்ன பிறகு வாங்குங்கள், ஆன்லைனில் குத்துமதிப்பாக வேண்டாம்.

அதுவரை தையல் டேப்பால் இரண்டு கையையும் ஒரே இடங்களில் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும். மாமியார் சொல்வதுபோல் கையை அசைக்காமலே வைத்திருக்க வேண்டாம், லேசான வேலை செய்யலாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது மட்டும் கூடவே கூடாது. அப்புறம், அந்தக் கையில் கீறல் பட்டுக் கிருமி ஏறாமல் இருக்க மீன் நறுக்கும்போது கையுறை போடுங்கள். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.