மூன்று ஓட்டு வாங்கிய பாட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பிய நாடுகளுக்கு இடையே ஆண்டுதோறும் நடக்கும் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 2017இல் போர்ச்சுகலுக்காக சல்வடோர் சோப்ரால் பாடிய பாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தேடிக் கேட்டேன். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது. அப்புறம் அந்த நாட்டின் பழைய முடிவுகளைப் பார்த்தேன். 1964இல் முதல்முறை போனபோது பூஜ்யம். 1974இல் கடைசி இடம். 2017 வரை ஒருமுறைகூட முதல் ஐந்துக்குள் வரவில்லை. மற்ற நாடுகள் ஆங்கிலத்தில் பாடி ஜெயிக்கும்போது, இவர்கள் அரை நூற்றாண்டு தங்கள் மொழியிலேயே பாடித் தோற்றது வீண் பிடிவாதம் இல்லையா? போட்டிக்குப் போவதே ஜெயிக்கத்தானே?

கே., ஈரோடு

அன்புள்ள கே.,

இதில் ஒரு பகுதி பிடிவாதம் அல்ல, விதி. 1966 முதல் 1972 வரையிலும், பிறகு 1977 முதல் 1998 வரையிலும் ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும் என்று இருந்தது. நடுவில் விதி தளர்ந்த 1974இல்தான் ஸ்வீடனின் ஆப்பா குழு ஆங்கிலத்தில் பாடி ஜெயித்தது. நீங்கள் சொல்லும் அந்தக் கடைசி இடமும் அதே மேடையில், இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில், ஏப்ரல் 6ஆம் தேதி கிடைத்ததுதான்.

அந்த இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. போர்ச்சுகலுக்காகப் பாடியவர் பாவ்லோ தெ கர்வாலியோ. பாட்டின் தலைப்புக்கு 'விடைபெற்ற பிறகு' என்று பொருள். காதல் முடிந்துபோன ஒருவனின் பாட்டு, அவ்வளவுதான். அந்த ஆண்டு நாட்டுக்குப் பத்து நடுவர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. பாட்டுக்கு விழுந்தவை மூன்று. போட்டியிட்ட மற்ற பதினாறு நாடுகளின் 160 நடுவர்களில் மூன்றே மூன்று பேர். இன்னும் மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம்.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10:55 மணிக்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் இந்தப் பாட்டு ஒலிபரப்பானது. அங்கோலா, கினி, மொசாம்பிக் காலனிகளில் 1961 முதல் நடந்துகொண்டிருந்த போரில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள், தங்கள் படைகளைத் தயாராக்க வைத்திருந்த முதல் சமிக்ஞை அது. நள்ளிரவு தாண்டி 12:20க்கு இரண்டாவது சமிக்ஞையாகப் பாடகர் ஜோசே அஃபோன்சோவின் பாட்டு ஒலித்தது. படைகள் கிளம்பின. 25ஆம் தேதி மாலைக்குள் பிரதமர் கையெத்தானோ சரணடைந்தார். 1926 ராணுவக் கலகத்தில் தொடங்கி 48 ஆண்டுகள் நீடித்த சர்வாதிகாரம் முடிந்தது.

ஏன் இந்தப் பாட்டு? வானொலியில் எப்போது போட்டாலும் யாருக்கும் சந்தேகம் வராது. நாட்டுக்குள் நடக்கும் தேர்வுப் போட்டியில் ஜெயித்து, யூரோவிஷனுக்கும் போய்வந்த பாட்டு, எல்லோருக்கும் பழக்கமானது. அரசியல் வாடையே கிடையாது. படை முகாமில் வானொலியைக் காதோடு வைத்துக் காத்திருந்தவனுக்கு மட்டும் அதன் பொருள் வேறு.

அந்தத் தேர்வுப் போட்டியை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். தணிக்கை இறுகியிருந்த நாட்டில், கவிஞர்கள் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்கு வீடு போய்ச்சேர அது ஒரு வழி. 1969இல் பாடகி சிமோன் தெ ஒலிவேரா, பிள்ளை பெறுவது விருப்பத்தோடு செய்யும் காரியம் என்ற பொருளில் ஒரு வரியைப் பாடினார். பழமைவாதிகள் கொதித்தார்கள். யூரோவிஷனில் பதினாறு பாட்டுகளில் அதற்குப் பதினைந்தாம் இடம். வரியை எழுதிய கவிஞர் ஆரி தோஸ் சாண்டோஸ் 1973இல் இன்னும் துணிந்தார். காளைச் சண்டையைப் பற்றி எழுதுவதுபோலவே ஆட்சியையும் அதை அண்டிப் பிழைத்தவர்களையும் கிண்டலடித்தார். தணிக்கை அதிகாரிகள் விட்டுவிட்டார்கள். ஃபெர்னாந்தோ தோர்தோவின் குரலில் அது ஐரோப்பா முழுவதும் ஒலிபரப்பானது. பத்தாம் இடம் வந்தது, சரி. ஆனால் அந்தச் சிலேடைகளை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் லிஸ்பனில் யாருக்கு உறைத்திருக்கும்? அந்தப் பாட்டுகள் வெளிநாட்டு நடுவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல.

1999இல் விதி போய்விட்டது. அதன் பிறகும் அவர்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசிய மொழியில்தான் பாடினார்கள். அதைப் பிடிவாதம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது பிடித்த பிடிவாதம். 2017இல் அக்கா லூயிசா எழுதி இசையமைத்த பாட்டைத் தம்பி சல்வடோர் ஆட்டமும் வாணவேடிக்கையும் இல்லாமல் நின்று பாடினார். அப்போது அவர் இதய நோயாளி. கீவ் நகரில் நடந்த ஒத்திகைகளில் அவருக்குப் பதில் அக்காதான் நின்று பாடியிருந்தார். நடுவர்கள், மக்கள் இரு தரப்பிலும் முதலிடம், மொத்தம் 758 புள்ளிகள். உங்களைப் போலவே, ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலானோருக்கும் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. (ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் நமக்கு அந்த மொழியிலிருந்து வந்தவைதான்.)

நேரம் கிடைத்தால் 1974 பாட்டைக் கேளுங்கள். கையோடு 1975இன் பாட்டையும். தலைப்புக்கு 'விடியற்காலை' என்று பொருள். பாடிய துவார்த்தே மெந்தெஸ், முந்தைய ஆண்டு அந்தப் புரட்சியில் பங்கெடுத்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர். ஸ்டாக்ஹோமில் அவருக்குக் கிடைத்தது பதினாறாம் இடம்.