நகரத்தில் இருந்துகொண்டே குப்பையைக் குறைக்க அன்றாடம் என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பதாகவும், தோட்டம் வைக்க இடமில்லை என்றும், துணிப்பை, மூங்கில் பிரஷ் எல்லாம் வாங்கிய பிறகும் குப்பைக்கூடை முன்போலவே தினமும் நிரம்புகிறது என்றும் எழுதியிருக்கிறார். வீட்டில் மற்றவர்கள் ஒத்துழைப்பதில்லை என்ற புலம்பலும் கூடவே இருக்கிறது. இந்த மூன்றிலும் நானும் முட்டிக்கொண்டவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக, எதையும் வாங்காதீர்கள். பசுமையாக வாழலாம் என்று நினைத்த உடனேயே கை பர்ஸைத்தான் தேடுகிறது. எவர்சில்வர் ஸ்ட்ரா, ஒரே அளவில் வரிசையாகக் கண்ணாடி ஜாடி, நாலு நிறத்தில் துணிப்பை. நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாடி வாங்கி அடுக்கிய புத்திசாலி நான், அந்த வாரம் எங்கள் வீட்டில் சேர்ந்த குப்பையை அதற்கு முன்போ பின்போ பார்த்ததில்லை. துணிப்பை விஷயத்தில் டென்மார்க்கின் சுற்றுச்சூழல் துறை 2018-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. பருவநிலை பாதிப்பை மட்டும் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 50 தடவைக்கு மேல் எடுத்துப்போனால்தான் கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்குச் சமமாகும். தண்ணீர் மாசு, ஓசோன் படலச் சேதம் என்று எல்லா வகை பாதிப்புகளையும் பார்த்தால் 7,000 தடவைக்கு மேல். தெருவிலும் கடலிலும் போய்ச் சேரும் பைகளின் தொல்லையை அந்தக் கணக்கு எடுத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். ஆனாலும் வீட்டில் ஏற்கெனவே கிடக்கும் பையைக் கிழியும்வரை பயன்படுத்துவதுதான் மிச்சம், புதிதாக ஒன்று வாங்குவது இல்லை.

சரி, வாங்காமல் என்ன செய்வது? ஒரு வாரம் உங்கள் கூடைக்குள் என்ன விழுகிறது என்று பாருங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பரை விரித்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கொட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்தான் எதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, எடையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பை: காய்கறித் தோல், டீத்தூள் சக்கை, அப்புறம் ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மறந்துபோய் அழுகிய சாமான்கள். இந்தக் கடைசி ரகத்தைப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது. உலகம் முழுவதும் 2022-ல் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணாகிறது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. எங்கள் வீட்டில் இதற்குச் செய்த வைத்தியம் மிகச் சாதாரணம். முதலில் தீர வேண்டியவற்றை ஃபிரிட்ஜின் முன்வரிசையில் கண்ணுக்கு நேராக ஒரு தட்டில் வைப்போம், அந்தத் தட்டு காலியாகும்வரை காய்கறி வாங்கப் போவதில்லை.

ஈரக் குப்பை எப்படியும் மக்கிப்போகும், அதில் என்ன கெடுதல் என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி, கிடங்கில் மலை மாதிரிக் குவித்து அமுக்கும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும், நூறு ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட கிட்டத்தட்ட 28 மடங்கு சூடேற்றும். போதாக்குறைக்கு, கூடவே கிடக்கும் காகிதத்தையும் அட்டையையும் நனைத்து, மறுசுழற்சிக்கு லாயக்கில்லாமல் செய்துவிடும். அதனால் ஒரே ஒரு காரியம்தான் முடியும் என்றால், ஈரத்தையும் உலர்ந்ததையும் பிரித்துப் போடுங்கள் என்பேன், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உங்கள் நகரத்தில் ஈரக் குப்பையைத் தனியாக வாங்கி உரமாக்குகிறார்கள் என்றால் பிரித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். இல்லையென்றால் பால்கனியில் ஒரு வாளி போதும். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட மூடி வாளி, கீழே ஒரு தட்டு. நான் முதலில் செய்த தப்பு, தோல்களை மட்டும் கொட்டிக் கொட்டி மூடி வைத்தது. ஒன்பதாவது நாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டு அம்மா நிறுத்தி, "தம்பி, உங்க வீட்ல எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்டார். திறந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீர் தேங்கி, மூடியின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் புழு நெளிகிறது.

காரணம் எளிது. காய்கறித் தோலில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம், கார்பன் குறைவு. நுண்ணுயிரிகள் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை, அது காய்ந்த இலை, மரத்தூள், கிழித்த பழுப்பு அட்டை போன்றவற்றிலிருந்துதான் வர வேண்டும். இப்போது ஒரு கை தோல் போட்டால் அதன்மேல் இரண்டு கை அட்டைத் துண்டு தூவுகிறேன், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறுகிறேன். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். உருண்டையாக நின்று ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இன்னும் அட்டை போட வேண்டும், உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்று போதவில்லை, மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் நைட்ரஜன் கூடிவிட்டது. எண்ணெய்ப் பண்டம், இறைச்சி இதெல்லாம் சின்ன வாளியில் வேண்டாம். மூன்றாவது மாதம் திறந்தபோது கறுப்பாக, பொலபொலவென்று, மழை விழுந்த மண்ணின் வாசனை. உவமைக்காகச் சொல்லவில்லை, ஜியோஸ்மின் என்ற அதே பொருள்தான் இரண்டு இடத்திலும் மணக்கிறது. தோட்டம் இல்லாதவர்கள் தெருவோர மரத்தடியில் போடலாம், தொட்டி வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாக. மறுசுழற்சியை நம்பி வாங்கிக் குவிக்காதீர்கள், உலக அளவில் பிளாஸ்டிக் கழிவில் 9 சதவீதம்தான் மறுசுழற்சியாகிறது என்று வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2022-ல் கணக்குச் சொன்னது. பாட்டில், டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 1 அல்லது 2 என்று எண் இருந்தால் பெரும்பாலும் மறு வாழ்வு உண்டு. உள்பக்கம் வெள்ளியாக மின்னும் பாக்கெட்டுகளுக்கு அநேகமாகக் கிடையாது, பல அடுக்குகளைப் பிரிக்க முடியாது. 'மக்கும் பிளாஸ்டிக்' என்று அச்சடித்த பைகளில் பல, 60 டிகிரியை நெருங்கும் சூட்டில் ஆலையில்தான் மக்கும். என் வாளியில் ஒன்று ஆறு மாதமாக எழுத்துகூட அழியாமல் கிடந்தது.

அடுத்தது செல்போன், இருப்பதையே இன்னும் இரண்டு வருடம் ஓட்டுங்கள். அது வெளியேற்றும் கார்பனில் பெரும்பங்கு தயாரிக்கும்போதே வெளியேறிவிடுகிறது, பேட்டரி மாற்றினாலே பல போன்கள் பிழைத்துக்கொள்ளும். எடுத்த பழைய பேட்டரியை மட்டும் குப்பையில் போடவே போடாதீர்கள். லித்தியம் பேட்டரி வண்டிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை அள்ளுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது.

 

வீட்டார் ஒத்துழைப்பைப் பற்றி. எங்கள் வீட்டில் நான் நடத்திய பிரசங்கம் எதுவும் எடுபடவில்லை. உலர் குப்பைக்கூடை பால்கனியில் இருந்தது, அதை ஈரக் கூடைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்த அன்றிலிருந்து எல்லோரும் பிரித்துப் போடுகிறார்கள். டீ பேக் எதில் விழ வேண்டும் என்பதில் மட்டும் இன்னும் சண்டை ஓயவில்லை. சில பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருப்பதால் நான் கத்தரித்து, தூளை வாளியிலும் பையை உலர் கூடையிலும் போடுகிறேன், என்னைத் தவிர யாரும் செய்வதில்லை.