சிங்க முத்திரை போட்ட நோட்டீஸை முதலில் கவனியுங்கள்

கேள்வி: பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறேன். மதச்சார்பற்ற நாட்டுக்கு 'சத்யமேவ ஜயதே' என்ற உபநிடத வாசகம் எதற்கு என்று கேட்டு நோட்டீஸ் அடித்தோம். மேலே அரசுச் சிங்கம். சின்னத்தில் அந்த வாசகம் இருக்கும் இடத்தில் எங்கள் வாசகம். உள்ளூர்க்காரர் ஒருவர் போலீஸில் மனுக் கொடுத்து, சி.எஸ்.ஆர். (எஃப்.ஐ.ஆருக்கு முன் புகாரைப் பதிந்து தரும் ரசீது) போட்டுவிட்டார்கள். கடைத்தெருவில் தேசத்துரோகி என்கிறார்கள், மனம் நொந்துபோனேன். வாசகத்தை மாற்றச் சொல்லிப் பொதுநல வழக்கும், பேசியவர்கள் மீது மானநஷ்ட வழக்கும் போடலாமா? அமெரிக்காவில்கூட வழக்குப் போட்டார்களே?

பதில்: கடைத்தெருப் பேச்சை விடுங்கள் ஐயா. அதற்கு வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும். அமெரிக்க வழக்குகளும் உங்களுக்கு உதவாது. கடவுளை நம்புகிறோம் என்ற அந்த நாட்டு வாசகம் 1956-இல் சட்டமாக வந்தது. எதிர்த்துப் போனவர்கள் 1970-இலும் 2010-இலும் மேல்முறையீட்டில் தோற்றார்கள்.

நம் சின்னம், வாசகத்தோடு சேர்த்து, 2005-ஆம் ஆண்டு அரசுச் சின்னச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியது நாடாளுமன்றம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உங்களுக்காக அதைச் செய்யாது. அந்த வாசகத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தியிருந்தால் வேறு கதை. தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற கேரள மாணவர்கள் 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். உங்களை யாரும் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. சிங்கத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் 'பொது அறிவிப்பு'. ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒரு வட்டம். தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தால் அரசாங்க அறிவிப்பு என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அந்த எண்ணம் வரும்படி சின்னத்தையோ அதன் சாயலையோ பயன்படுத்துவதைத்தான் 2005 சட்டம் தடுக்கிறது. 2 வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டப்படி கோர்ட்டுக்குக் கொண்டுபோக மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். அந்த அவகாசம் ஒன்றுதான் இப்போது உங்களுக்குச் சாதகம்.

என்னிடம் வழக்குக்கு வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் சறுக்குவார்கள். சி.எஸ்.ஆர். நிலையில் இருக்கும்போதே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட ஓடுவார்கள். பிரமாணப் பத்திரத்தில், நாங்களே வடிவமைத்தோம், ஆடுதுறை வரைக்கும் கொடுத்தோம் என்று பெருமையாக எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். எதிர்த்தரப்பு அந்த நகலை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடும். யார் அடித்தது, தெரிந்தே செய்தார்களா என்று போலீஸ் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போகும். அதற்குள் வாட்ஸாப் குழுவில் சூடு ஏறி, யாரோ ஒரு பையன் சாமியைத் திட்டி எழுதிவிடுவான். வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்துவதற்கான பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 299-ஆம் பிரிவைச் சேர்த்து எஃப்.ஐ.ஆர். போட அது போதும். 3 வருடம் வரை தண்டனை, ஜாமீனில் விடக்கூடாத பிரிவு. அப்புறம் நோட்டீஸ் கொடுத்த பையன்களில் ஒருவன் சிங்கப்பூர் வேலைக்கு பாஸ்போர்ட் போட்டிருந்தால் அதுவும் சிக்கும்.

அதனால் சமாதானமாகப் போய்விடுங்கள். ஒரு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போய், மீதி நோட்டீஸை ஒப்படைத்து, சின்னத்தை இனிமேல் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். மனுதாரரிடம் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று கையெழுத்து வாங்கி, மனுவை முடித்துவைத்ததற்கு நகல் கேட்டு வாங்குங்கள். பத்திரமாக வையுங்கள். குழுவை இப்போதைக்கு நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள்.

ஆனால் கேட்ட கேள்விக்காக ஒரு வரிகூட மன்னிப்பு எழுதித் தராதீர்கள். நாட்டின் வாசகம் எதுவாக இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மனு முடிந்த பிறகு சிங்கமும் வட்டமும் இல்லாமல் வெறும் எழுத்தாக அடியுங்கள். மக்களவைக்கு மனுப் போடலாம், அதற்கு ஓர் உறுப்பினரின் மேலொப்பம் வேண்டும். பாபநாசம் மயிலாடுதுறைத் தொகுதியில் வருகிறது, உங்கள் எம்.பி.யிடம் நேரம் கேளுங்கள்.