கந்தசாமிப் பிள்ளையும் சிக்கரிக் காப்பியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையைப் பற்றிப் பேசினேன். மூத்த நண்பர் ஒருவர், அது சமூக அங்கதம் என்பதற்காகவே பாராட்டத்தக்கது என்றும், கடவுள் வருவது வெறும் உத்தி என்றும் சொன்னார். எனக்கோ கடவுள் வருவதுதான் பிடித்திருந்தது. நடக்க முடியாததை நடப்பதாகச் சொல்லும் மிகுபுனைவுச் சிறுகதையை எதற்காகப் பாராட்டுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நண்பர் அந்தக் கதையைப் பாராட்டவில்லை, அதற்காகப் பரிந்து பேசியிருக்கிறார். மிகுபுனைவுக் கதை ஒன்று பிடித்துப்போய்விட்டால், ‘இது வெறும் கற்பனை அல்ல’ என்று சமாதானம் சொல்லிவிட்டுத்தான் நம்மில் பலரும் புகழவே தொடங்குகிறோம். கடவுளை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது ஒரு நகரவாசியின் சில்லறைத் தந்திரங்கள்தாம். அவற்றுக்கு ஒரு நடைச்சித்திரம் போதும்.

1943-இல் கலைமகளில் வந்த அக்கதையின் தொடக்கத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் நின்றபடி, டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா, பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிப் போனால் அரைக் கப் காப்பிக்கு ஆகுமா என்று பிள்ளை காலணாக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கணக்கு முடிவதற்குள் கடவுள் வந்துவிடுகிறார். வந்தவர் வரம் தருவதாகச் சொல்லவில்லை, திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். தன் உலகத்தை நம்பவைக்க நாவலாசிரியருக்கு நூறு பக்கங்கள் உண்டு, சிறுகதையாசிரியருக்கு இரண்டு பத்திகள் கிடைத்தால் அதிகம். ஆகவே புதுமைப்பித்தன் நடக்க முடியாத ஒன்றை மட்டும் நடக்கவிட்டு, மற்ற யாவற்றையும் காலணா பிசகாமல் எழுதுகிறார். பாராட்ட வேண்டியது இந்தச் சிக்கனத்தைத்தான்.

பிறகு ஓட்டல். காப்பியைக் குடித்துப் பூரித்துப்போன கடவுள் அதைத் தம்முடைய லீலை என்று உரிமை கொண்டாட, பிள்ளையோ அது ஓட்டல்காரன் லீலை, அவன் சிக்கரிப் பவுடரைக் கலந்திருக்கிறான் என்று திருத்துகிறார். இதை அங்கதம் என்றால் பாதிதான் சொன்னதாகும். படைத்தவருக்கே தெரியாத ஒரு ருசி அவர் படைப்புக்குள் விளைந்திருக்கிறது என்ற விந்தை அந்த ஒரு கோப்பையில் இருக்கிறது. அதற்கு நாக்குள்ள கடவுள் வேண்டும். குறியீட்டுக் கடவுளால் காப்பி குடிக்க முடியாது.

அதே ஆண்டில் வெளிவந்த ‘காஞ்சனை’ என்ற அவருடைய பேய்க்கதையை மனப்பிராந்தி என்று விளக்கிப் புகழ்வோரும் உண்டு. அப்படியானால் உறங்கும் மனைவியின் கழுத்தில் குண்டூசி முனையளவு தேங்கி நிற்கும் ரத்தத் துளியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஆடிக் காட்டும் பகுதியில் கதை சற்றுத் தொய்கிறது. கலையைப் புரக்கும் பெரிய மனிதர்கள் மீது ஆசிரியருக்கு இருந்த கோபம் அங்கே முன்னால் வந்து நிற்க, காப்பி குடித்த, பிள்ளையின் குழந்தையோடு விளையாடிய அந்தக் கடவுள் காணாமல் போய், அடிப்பதற்கு வாகான ஒரு கோல்தான் மிஞ்சுகிறது. உத்தி என்று உங்கள் நண்பர் சொன்னது அந்தச் சில பக்கங்களுக்குப் பொருந்தும்.