ரூமி எந்த நாட்டவர்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்காக சூஃபி ஞானிகளை நாடு வாரியாகத் தொகுக்கிறோம். ரூமி ஈரானியரா, துருக்கியரா, ஆப்கானியரா? அஜ்மீர் காஜாவை ‘வெளிநாட்டவர்’ என்று போடச் சொல்கிறார் ஒரு நண்பர். போடலாமா?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: போடக் கூடாது. பட்டியலில் ‘நாடு’ என்ற கட்டத்தையே எடுத்துவிடுங்கள்.

1207இல் பல்கு (இன்றைய ஆப்கானிஸ்தான்) வட்டாரத்தில் பிறந்து, பாரசீக மொழியில் பாடி, 1273இல் கோன்யாவில் (இன்றைய துருக்கி) அடங்கியவர் ரூமி. அப்போது கோன்யா செல்ஜூக் சுல்தான்களின் தலைநகர். துருக்கிக் குடியரசு உருவானது 1923இல்தான். ஈரானும் துருக்கியும் 2016இல் அவருடைய மஸ்னவி என்ற நெடும்பாடல் நூலை யுனெஸ்கோ பதிவேட்டில் சேர்க்க முனைந்தபோது, ஆப்கானிஸ்தான் எதிர்ப்புக் குரல் எழுப்பியது. மூன்று அரசுகள் தீர்க்காத வழக்குக்கு உங்கள் மலரில் ஏன் தீர்ப்பு எழுதுகிறீர்கள்?

வெகுதூரம் போக வேண்டாம். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். மைசூர் திப்பு சுல்தானுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். அந்த தர்கா 1989க்கு முன் வட ஆற்காடு மாவட்டம்; பிறகு வேலூர் மாவட்டம்; 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம். நம் கண்ணெதிரே, முப்பதே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. எண்ணூறு ஆண்டுக்கு முந்தையவர்களை இன்றைய எல்லைகளுக்குள் அடைப்பது எப்படிச் சரியாகும்?

வேலூரில் வாழ்ந்து மறைந்த சூஃபி அபுல் ஹசன் குர்பி பீஜப்பூரிலிருந்து வந்தவர். அவரிடம் பயின்ற பாகிர் ஆகா வேலூரில் பிறந்து, அரபு, பாரசீகம், தக்கினி (தக்காண உருது) மூன்றிலும் எழுதினார். இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? குர்பியைக் கர்நாடகத்துக்குக் கொடுத்துவிடுவீர்களா? நான் கொடுக்க மாட்டேன்.

இனி உங்கள் நண்பருக்கு. காஜா முயினுத்தீன் பிறந்த சீஸ்தான் இன்று ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. 1236இல் அஜ்மீரில் மறைந்தார். அன்று முதல் அந்த மண்ணில்தான் இருக்கிறார். அவரை வெளியாள் என்றால், மத்திய ஆசியாவின் புகாராவிலிருந்து வந்த குடும்பத்தில் வட இந்தியாவின் பதாயூனில் பிறந்த நிஜாமுத்தீன் அவுலியா யார்? எத்தனை தலைமுறை கழிந்தால் ஒருவர் உள்ளூர்க்காரர் ஆவார்? காஸ்பியன் கரையின் ஜீலானில் பிறந்து 1166இல் பாக்தாதில் மறைந்தவர் அப்துல் காதிர் ஜீலானி. தமிழ் முஸ்லிம்களோ அவரை முகைதீன் ஆண்டவர் என்று கொண்டாடி, ஒரு மாதத்தையே அவர் பெயரால் அழைக்கிறார்கள். அவர் இந்த வீடுகளுக்கு அந்நியரா? ‘வெளிநாட்டவர்’ என்ற ஒரு சொல் அச்சேறினால், அந்த தர்காக்களுக்குப் போய் வருகிற நம் அண்டை வீட்டாரையும் அது தொடும். மாணவர்கள் படிக்கப்போகும் மலர் இது, யோசித்துச் செய்யுங்கள்.

அப்படியானால் எப்படித் தொகுப்பது? அவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இன்னாரிடம் தீட்சை பெற்றார், அந்த ஷெய்குக்கு (குருவுக்கு) இன்னார் ஷெய்கு என்று நபிகள் நாயகம் வரை போகும் சில்சிலா, அதாவது குரு வரிசை அது. ஆகவே தரீக்கா (சூஃபி நெறிப் பிரிவு) வாரியாகப் பிரியுங்கள்: காதிரிய்யா, சிஷ்திய்யா, நக்‌ஷபந்திய்யா என்று. ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர், அடங்கிய ஊர், ஷெய்கின் பெயர், எழுதிய மொழி ஆகியவற்றைத் தாருங்கள். ஒருவரே இரண்டு தரீக்காக்களில் வந்தால் இரண்டிலும் போடுங்கள். ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்றைய ஈரான்’, ‘இன்றைய ஈராக்’ என்று அடைப்புக்குறியில் சேர்ப்பதில் தவறில்லை; படிப்பவர் வரைபடத்தில் தேட உதவும். ‘இன்றைய’ என்ற சொல்லை மட்டும் எங்கும் விட்டுவிடாதீர்கள்.