டாலர் கணக்கும் உப்புக் கணக்கும்

வணக்கமுங்க ஐயா,

அவிநாசிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக (ஆர்டருக்கு விலை போட்டு, சரக்கை முடித்து அனுப்பும் வேலை) இருக்கிறேன். மன்மோகன் சிங் மறைந்த செய்தி வந்ததிலிருந்து வீட்டில் ஓயாத வாக்குவாதம். "அந்த மனுசன் 1991-ல கதவத் தெறந்து உடலைன்னா நாம இன்னும் உள்ளூருக்கு பனியன் தெச்சுட்டுத்தான் இருப்போம்" என்கிறார் அப்பா. நண்பர்களோ, எல்லாம் அன்றைய பிரதமர் நரசிம்ம ராவ் செய்தது, கதவைத் திறந்ததால்தான் இன்று வங்கதேசத்திடம் தோற்கிறோம் என்கிறார்கள். வரலாறு தன்னிடம் கனிவாக இருக்கும் என்று அவரே சொன்னாரே. திருப்பூர் அவருக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறதா, இல்லையா?

ர.

அன்புள்ள ர.,

அப்பா சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதி அனுப்பியிருந்தீர்கள். அதற்காகவே பதில் எழுதத் தோன்றியது.

அவர் சொல்வதில் ஆண்டுதான் இடிக்கிறது. இத்தாலிக்காரர்கள் திருப்பூருக்குச் சட்டை கேட்டு வந்தது 1970-களின் கடைசியில். ஏற்றுமதியாளர் சங்கம் தொடங்கியது 1990-ல். மன்மோகன் சிங் நிதியமைச்சராகும் முன்பே சரக்கு கப்பலேறிக்கொண்டிருந்தது. அந்தச் சரக்குக்குக் கையில் கிடைத்த ரூபாய்தான் 1991-ல் மாறியது.

ஜூலை 1, ஜூலை 3 என்று இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் சுமார் 26 ரூபாயானது. அதே கையோடு, ஏற்றுமதிக்கு அரசு தந்துவந்த ரொக்க மானியத்தை வர்த்தக அமைச்சராக இருந்த ப. சிதம்பரம் நிறுத்தினார். பதிலுக்கு வந்தது எக்ஸிம் ஸ்கிரிப். 1 லட்ச ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினால் 30,000 ரூபாய்க்கு இறக்குமதி செய்யும் உரிமைச் சீட்டு. இறக்குமதி தேவைப்படாதவர் அதைப் பிரீமியத்துக்கு விற்றுவிடலாம். 1992 மார்ச்சில் அந்தச் சீட்டையும் எடுத்துவிட்டு இரட்டை மாற்று விலையைக் கொண்டுவந்தார்கள். வருகிற 100 டாலரில் 40 டாலரை அரசு விலைக்கு ஒப்படைக்க வேண்டும், 60 டாலரைச் சந்தை விலைக்கு விற்கலாம். அரசு விலை 26, சந்தை விலை 30 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 1,040-ம் 1,800-ம் சேர்ந்து 2,840. முழுவதும் சந்தை விலையென்றால் 3,000 வந்திருக்கும். இடையிலுள்ள 160 ரூபாய், ஏற்றுமதியாளர் பெயரில்லாமல் கட்டிய வரி. 1993 மார்ச்சில் இரண்டு விலையும் ஒன்றானதும் அதுவும் நீங்கியது. 20 மாதங்களில் மூன்று படி. ஒவ்வொரு படியிலும் சந்தை தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைத்தார்கள். மன்மோகன் சிங் பட்ஜெட் உரையில் சொன்ன, நேரம் வந்துவிட்ட கருத்தை யாராலும் தடுக்க முடியாது என்ற விக்டர் ஹியூகோ வாசகத்தை எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இந்த 60-40-ஐயும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய திறமை இதில்தான் தெரிகிறது.

ராவா, சிங்கா என்ற பஞ்சாயத்து வேண்டாம், இருவரும் தேவைப்பட்டார்கள். வங்கதேசத்துக்கு ஐரோப்பா சுங்கமே போடாமல் விடுவது அது மிகவும் பின்தங்கிய நாடு என்ற வகையில். அதற்கும் 1991-க்கும் தொடர்பில்லை. உங்கள் நண்பர்கள் இதைத் தேடிப் படித்துவிட்டுப் பேசட்டும்.

ஆனால் "நன்றிக்கடன்" என்ற சொல்லை நீங்கள் எழுதியது எனக்குக் கோபத்தைத் தந்தது, தம்பி. கடன் என்று எழுதினால் யாருக்கெல்லாம் என்று முழுசாக எழுத வேண்டாமா? தினமும் காஸ்டிங், அதாவது ஆடையின் அடக்கவிலைக் கணக்கு, போடுகிறீர்கள். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று பைசா சுத்தமாக எழுதுகிறீர்கள். அதில் சாயம் என்பது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே வரி. அந்த வரிக்குள் எத்தனை உப்பு இருக்கிறது என்று ஒருநாளாவது பார்த்ததுண்டா?

நான் போட்டுக் காட்டுகிறேன். 100 கிலோ பருத்தித் துணி, அடர் நேவி ஷேடு, சாஃப்ட் ஃப்ளோ மெஷின். கிலோவுக்கு 8 லிட்டர் என்றால் ஒரு பாத், அதாவது துணியை ஒருமுறை முக்கும் தண்ணீர், 800 லிட்டர். ரியாக்டிவ் சாயம் நீரை விட்டுப் பஞ்சில் ஏற உப்பு வேண்டும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம், மொத்தம் 64 கிலோ. ஏறிய சாயம் பிடிக்க சோடா ஆஷ் லிட்டருக்கு 20 கிராம், 16 கிலோ. சாயத்தைத் துணிக்குத் தள்ளிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. ஒரு கிராம்கூடத் துணியில் தங்காது. பிளீச்சிங், சாயம், ஆசிட் வாஷ், சோப்பு, வெந்நீர், பச்சைத்தண்ணீர் என்று எட்டு பாத் இறக்கினால் 6,400 லிட்டர். அதில் உப்பும் சோடாவும் சேர்ந்த 80 கிலோவும் கரைந்து போகிறது. லிட்டருக்கு 12.5 கிராம். வெளியே விடுவதற்கான வரம்பு 2.1 கிராம். வெளிர் நிற லாட்டுகளின் கழிவும் கலக்கும்போது குறையும் என்பீர்கள். குறையும், ஆனால் வரம்புக்குள் வராது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுத் தெளியவைத்தால் நிறம் போகும், உப்பு போகாது. பார்வைக்குத் தெளிவாக இருக்கும் அந்தத் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சினால் மண்தான் கெடும்.

மன்மோகன் சிங்கின் சீர்திருத்தம் இதற்குள் இரண்டு பக்கமும் நிற்கிறது. பழைய விஞ்ச் சாய மெஷினில் கிலோவுக்கு 20 லிட்டர் பிடிக்கும். அதே நேவிக்கு 160 கிலோ உப்பு. 1991 பட்ஜெட்டில் 150 சதவீதம் என்றிருந்த உச்ச சுங்க வரி 1995-ல் 50 சதவீதத்துக்கு இறங்கியது. வெளிநாட்டு மெஷின் கைக்கு எட்டியது, ஒரு கிலோ துணிக்கான உப்பு பாதிக்கும் கீழே போனது. ஆனால் சாயமேறும் துணி அதைவிடப் பல மடங்கு பெருகிவிட்டது. இன்னொரு பக்கம், பின்னலாடை 2005 வரை சிறுதொழில்களுக்கு மட்டும் என்ற ஒதுக்கீட்டிலேயே இருந்தது. மெஷின் முதலீடு வரம்பைத் தாண்டக்கூடாது என்று நிட்டிங் ஒரு பெயரில், சாயம் ஒரு பெயரில், தையல் ஒரு பெயரில் என்று பிரித்தார்கள். பிரிந்த சிறு பட்டறைக்குச் சொந்தமாக ஆர்ஓ (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் வடிகட்டி) போடக் கையில் பணமில்லை.

விலையைச் சந்தையிடம் விட்டார்கள். டாலருக்குச் சந்தையில் விலை இருந்தது, கழிவு போய்ச் சேர்ந்த நொய்யல் ஆற்றுக்கு இல்லை. இதில் டெல்லியை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. கண்காணிக்க வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாநிலத்தினுடையது, குழாயைத் திறந்துவிட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். நொய்யலில் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்று 2006-ல் உத்தரவு வந்தது. 2011 ஜனவரியில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். மூடிய பிறகுதான் உப்புக்கு விலை வந்தது.

இப்போது ஆர்ஓவில் 100 லிட்டருக்கு 85-க்கு மேல் நல்ல தண்ணீர் திரும்புகிறது. மிச்சமுள்ள உப்புநீரை எவாப்பரேட்டரில் சுண்டவைத்துக் குளிர்வித்தால் கிளாபர் உப்பு (சோடியம் சல்ஃபேட்) படிகமாக இறங்கும். அதை மறுபடி சாயத்துக்கே போடலாம். சில இடங்களில் சுண்டவைக்காமலே உப்புநீரைத் தெளியவைத்துத் திருப்பிப் பயன்படுத்துகிறார்கள், நீராவிச் செலவு மிச்சம். கெடுவது எங்கே தெரியுமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கழிவு அனுப்பும் பட்டறைகளில் ஒன்றிரண்டு, விலை குறைவென்று சாதா உப்பை (சோடியம் குளோரைடு) போடும். சாதா உப்பு குளிர்வித்தாலும் கிளாபர்போல் பிரிந்து இறங்காது. இரண்டும் கலந்தால் எதற்கும் உதவாத கலப்பு உப்பு, சாக்கு சாக்காகக் கொட்டகையில் கிடக்கும். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பதற்கு இன்னும் நல்ல வழியில்லை. கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைத்துக் கேட்டு நீங்கள் அடிக்கும் பேரம் போய் முடிகிற இடம் அதுதான்.

அடுத்த வாரம் சாயப்பட்டறைக்கு லாட் பார்க்கப் போகும்போது பேட்ச் கார்டை வாங்கிப் பாருங்கள். உப்பு எத்தனை கிலோ, கிளாபரா சாதா உப்பா, பாத் எத்தனை லிட்டர், எந்த ஷேடு என்று குறித்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.